சமாதான வேலைக்குப் போகும் பிள்ளைக்கு

போன கிழமை ஒரு கோல் வந்தது. என்னிடம் உயர்தரத்தில் கணக்குப் படித்த பிள்ளை. "சேர், வேலை ஒண்டு கிடைச்சிருக்கு. மூன்று வருஷத் திட்டம். முரண்பாட்டு உணர்திறனும் சமாதானத்தைக் கட்டியெழுப்புதலும். நான்தான் திட்ட முகாமையாளர். நீங்களும் பென்ஷன் எடுத்த பிறகு இந்த வேலைதானே செய்தீங்க. எனக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

வாழ்த்தினேன். மற்றதை யோசித்துச் சொல்கிறேன் மகள் என்று வைத்துவிட்டேன். யோசிக்க நான்கு நாள் எடுத்தது. அவளுக்கு மட்டும் சொல்லலாம்தான். ஆனால் என்னிடம் படித்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேராவது இன்று என்ஜிஓக்களில் இருக்கிறீர்கள். சொந்தக்காரர்களும் கலியாண வீட்டில் கண்டால், "அந்த வெள்ளைக்காரன்ட காசில மூன்று வருஷம் என்னதான் செய்தாய்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமாதானத் திட்டம் என்றால் எல்லாரும் செயலமர்வைத்தான் நினைப்பார்கள். செயலமர்வால் பெரிதாக ஒன்றும் ஆவதுமில்லை, கெடுவதுமில்லை. திட்டத்தின் பணம் எந்த வாசலால் ஊருக்குள் போகிறது, யாருடைய கையால் போகிறது, யாருடைய வாசலைத் தாண்டிப் போகிறது என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கிறது. அதைக் கவனிக்கவும், பிழைத்தால் நிறுத்தவும், பிழைத்தது என்று பணம் தருபவருக்கு எழுதவும் துணிவுள்ளவர்தான் இந்தப் பொறுப்பை எடுக்க வேண்டும். நான் எடுத்தேன். கவனித்தேன். நிறுத்தவுமில்லை, எழுதவுமில்லை.

2013இல் அந்த வேலையில் சேர்ந்தேன். ஐரோப்பாவிலிருந்து பணம். மட்டக்களப்பு மாவட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் தமிழ், முஸ்லிம் ஊர்கள் சில. ஊர்ப் பெயர்களையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தவர்கள் தெரிந்த மாதிரியே இருங்கள்.

முதல் கூட்டத்தில் "முரண்பாட்டு உணர்திறன்" என்று வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதி ஒட்டினோம். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "சேர், இது என்ன வருத்தம்? மருந்து இருக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். பிறகு யோசித்தால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அந்தச் சொல்லின் பொருள் உண்மையில் எளிது. உதவி என்று உள்ளே போகும் எந்தப் பொருளும், அங்கே ஏற்கெனவே இருக்கும் சண்டையை ஒன்றில் கூட்டும், அல்லது குறைக்கும். சும்மா இருக்காது. அமெரிக்கப் பொருளியலாளர் மேரி அண்டர்சன் 1999இல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். தீங்கு செய்யாதிருத்தல் என்ற அந்த வழிமுறையைத்தான் இன்று எல்லா நிறுவனங்களும் பயிற்சியில் படிப்பிக்கின்றன. ஊரைப் பிரிப்பவை எவை, இணைப்பவை எவை என்று இரண்டு நிரல் போட்டு எழுது. உன் பணம் எந்த நிரலைத் தொடுகிறது என்று பார். அவ்வளவுதான்.

இதை எங்களுக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டிய தேவையே இல்லை. சுனாமி சொல்லித் தந்தது. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழன், முஸ்லிம், சிங்களவன் என்று கடல் பார்க்கவில்லை. முதல் கிழமை பள்ளிவாசலில் தமிழருக்குச் சோறு கொடுத்ததையும், கோயில் மடத்தில் முஸ்லிம்கள் படுத்ததையும் என் கண்ணால் கண்டேன். பிறகு பணம் வந்தது. 2005 ஜூனில் அரசும் புலிகளும் உதவியைப் பகிர்வதற்கு ஒரு பொதுக் கட்டமைப்புக்குக் கையெழுத்திட்டார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் கரையைப் பற்றி இரண்டு பேர் கையெழுத்து வைப்பதா என்று முஸ்லிம்கள் கொதித்தார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில் சவூதியின் பணத்தில் 500 வீடுகள் கட்டினார்கள், சுனாமியில் வீடிழந்த முஸ்லிம்களுக்கென்று. காணி யாருடையது, வீடு யாருக்கு என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. எல்லா இனத்தவருக்கும் பகிர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த வீடுகள் பத்து வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் காடு பிடித்துக் கிடந்தன. வீடில்லாதவர் ஒரு பக்கம், ஆளில்லாத வீடு மறுபக்கம். கொடுத்தவர்களின் மனதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. கல்லும் சீமெந்தும் போகும் வழியை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை என்கிறேன்.

இவ்வளவையும் கண்டவன்தான் நான். அதனால் என் திட்டத்தில் அப்படி நடக்காது என்று நம்பினேன்.

எங்கள் திட்டத்தில் வாழ்வாதாரம் என்று ஒரு பகுதி இருந்தது. இரண்டு ஊரில் 60 குடும்பங்களுக்கு ஆளுக்கு இரண்டு ஆடு. தெரிவுக்கு இரண்டு நிபந்தனை: பெண் தலைமை தாங்கும் குடும்பமாக இருக்க வேண்டும்; 2006, 2007 சண்டையில் இடம்பெயர்ந்து மீளக் குடியேறியிருக்க வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. பட்டியல் எடுத்தோம். தமிழ் ஊரில் 51, முஸ்லிம் ஊரில் 9.

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. சூத்திரம்தான் பிழை. அந்த முஸ்லிம் ஊர் ஆட்கள் இடம்பெயர்ந்தது 1990இல். படுவான்கரையில் இருந்த வயலையும் மாட்டையும் அந்த வருடம் விட்டுவிட்டு வந்தவர்கள் பலர், இன்று வரை திரும்பிப் போகாதவர்களும் உண்டு. அவர்களின் இழப்பு எங்கள் படிவத்தில் விழவேயில்லை. 2006 என்று யாரோ கொழும்பில் ஒரு மேசையில் தட்டச்சு செய்த ஒரு எண், 1990 நடக்கவேயில்லை என்று எங்கள் ஊரில் போய்ச் சொன்னது. ஒரு முஸ்லிம் அம்மா என்னிடமே கேட்டார்: "எங்கட மௌத்துக்கு வருஷம் பிந்திட்டா சேர், முந்திட்டா?" எனக்குப் பதில் வரவில்லை.

தமிழ் ஊரிலாவது சந்தோஷம் இருந்ததா? அதுவுமில்லை. ஆடு வாங்க மூன்று விலைமனு எடுத்தோம், சட்டம் அப்படி. குறைந்த விலை போட்டவர் ஒரு முஸ்லிம் வியாபாரி. தமிழ் ஊரில் கதை கிளம்பியது: "பேர்தான் நமக்கு. காசு முழுக்க அங்கதான் போகுது." ஆடு ஏற்றிய லொறி, திட்டத்தின் பெயர்ப்பலகையும் கட்டிக்கொண்டு, முஸ்லிம் ஊரின் நடு வீதியால் தமிழ் ஊருக்குப் போனது. வேறு பாதை இருந்தது, இரண்டு கிலோமீற்றர் கூட. டீசலை மிச்சம் பிடித்தோம். ஒரே பணம், இரண்டு பக்கமும் கோபம்.

மூன்றாம் மாதம் ஆடு ஒன்று முஸ்லிம் விவசாயி ஒருவரின் மிளகாய்த் தோட்டத்தில் பாய்ந்தது. அவர் பிடித்துக் கட்டினார். ஆட்டுக்காரியின் மகன் அவிழ்க்கப் போனான், தள்ளுப்பட்டார்கள். இரவு ஒரு கடைக் கண்ணாடி உடைந்தது. ஆடு பாய்வது எங்கள் பக்கத்தில் ஆதிகாலம் தொட்டு நடப்பது. ஏச்சுப் பேச்சோடு முடியும். ஆனால் இது சும்மா ஆடு இல்லையே, "திட்டத்து ஆடு". மூன்று மாதமாக இரண்டு ஊரும் மனதுக்குள் வைத்திருந்ததெல்லாம் அந்த ஆட்டின் கழுத்துக் கயிற்றில் வந்து தொங்கியது. மறுநாள் முகநூலில் இனக்கலவரம் என்று போட்டார்கள். பொலிஸ் வந்தது. இரண்டு நாள் சந்தியில் கடை திறக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இந்தப் பதிவை எழுதத் தயங்கியதற்குக் காரணம்.

எங்கள் கள உத்தியோகத்தர் ஒரு முஸ்லிம் இளைஞர். தங்கமான பிள்ளை. மோட்டார் சைக்கிளில் இரண்டு ஊருக்கும் அவர்தான் போய் வருவார். பட்டியலைக் கதவு கதவாகக் கொண்டுபோனவரும் அவர்தான். தன் ஊரார், "உன்ட ஆக்களுக்கே எடுத்துத் தர ஏலாதா?" என்று ஏசினார்கள். தமிழ் ஊரார், "நீதான் உன்ட வியாபாரிக்குக் கொடுத்தாய்" என்றார்கள். அவர் என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "சேர், ஒரு நாள் ரெண்டு ஊருக்கும் வந்து, அந்த நிபந்தனை ஒபிஸ் போட்டது, கையெழுத்து என்னுடையது எண்டு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அடுத்த கிழமை வருகிறேன் என்றேன். காலாண்டு அறிக்கை முடிக்க இருந்தது. அந்தக் கிழமை போகவில்லை, அதற்கடுத்த கிழமையும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் அறிக்கை ஒரு சாட்டு. ஊர் நடுவில் நின்று என் பிழை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்றவனுக்கு, பிழை விட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்த மாத முடிவில் அவர் வேலையை விட்டார். அவருடைய உம்மா விடச் சொல்லிவிட்டார்.

அறிக்கையில் நான் எழுதியது: "கால்நடை தொடர்பான சிறு சம்பவம் ஒன்று சமூக மட்டத்தில் தீர்க்கப்பட்டது."

தீர்க்கப்பட்டது என்பது பொய்யில்லை. ஆனால் தீர்த்தது நாங்களில்லை. கோயில் வண்ணக்கரும், பள்ளிவாசல் மரைக்காரும், அந்தக் கண்டத்து வட்டவிதானையும் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரு காலை உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள். மிளகாய்க்கு இவ்வளவு, அதில் பாதி ஆட்டுக்காரி கொடுக்க வேண்டும், பாதியைத் தோட்டக்காரர் விட வேண்டும், கண்ணாடிக்கு உடைத்த பெடியனின் தகப்பன் பொறுப்பு. முடிந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவுமில்லை. பெரும்போகத் தண்ணீர் திறக்க முன் பகையை முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இருந்தது. மேரி அண்டர்சன் சொன்ன இணைப்பவை அதுதான்: வாய்க்கால், சந்திக் கடை, தண்ணீர் திறக்கும் திகதி.

எங்கள் நிறுவனத்துக்கு இது கேள்விப்பட்டவுடன் வாய் ஊறிவிட்டது. அந்த மூவரையும் வைத்து "முரண்பாடு தீர்க்கும் குழு" அமைத்தோம். பதினொரு பேர், பாதிப் பெண்கள், மாதக் கூட்டம், போக்குவரத்துக் கொடுப்பனவு. கொடுப்பனவு என்றதும் குழுவில் யார் இருப்பது என்று புதிய சண்டை வந்தது. கொடையாளர் தரப்பிலிருந்து ஆட்கள் பார்க்க வந்த நாளில், தேத்தண்ணிக் கடையில் நடந்ததைப் போல ஒருதரம் உட்கார்ந்து கதைத்துக் காட்டும்படி கேட்டோம். கமராவும் கொண்டு போயிருந்தோம். வண்ணக்கர் வரவில்லை. ஆள் அனுப்பினேன். "பொய்யாச் சமாதானம் பேச எனக்கு வராது எண்டு சேருக்குச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு அந்த மூவரும் கடையில் சேர்ந்து உட்கார்ந்ததை நான் காணவில்லை.

மகள், நீ பயிற்சியில் படிக்கப்போகும் தீங்கு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த உதாரணம் இதுதான். ஆட்டுப் பட்டியல் ஒரு தீங்கு, அதைத் திருத்தலாம். தானாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் காசு கொடுத்து நிறுத்தினோமே, அதைத் திருத்த வழி தெரியவில்லை.

கொடையாளரைத் திட்டுவது எங்கள் ஊரில் சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். வருட முடிவுக்குள் பணத்தைச் செலவழி, செலவழிக்காவிட்டால் அடுத்த தவணை வராது என்ற நெருக்கடி பொய்யில்லை. செலவழியாத காசுதான் அவர்கள் கண்ணில் பெரிய குற்றம். ஆனால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். திட்டம் முடிந்து வழியனுப்பும் விருந்தில், கொடையாளர் தரப்பில் எங்கள் கோப்பைப் பார்த்த பெண்மணியிடம் ஆட்டுக் கதையை முழுதாகச் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அப்போதே எழுதியிருந்தால் நிபந்தனையை மாற்ற நானே அனுமதி எடுத்துத் தந்திருப்பேன். இதற்குத்தானே உங்களுக்குப் பணம் தந்தோம்?" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? கேட்டால் மறுப்பார்கள் என்று நானாகவே முடிவு கட்டி, கேட்காமலே இருந்துவிட்டேன். வகுப்பில் கை உயர்த்தாத பிள்ளையை எத்தனை தரம் ஏசியிருப்பேன்.

எல்லாக் கொடையாளரும் அந்தப் பெண்மணி போல இருக்க மாட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். 2025இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தி, பல நாடுகளில் திட்டங்கள் இடைநடுவில் மூடப்பட்ட பிறகு, குறை சொன்னால் உள்ளதும் போய்விடும் என்ற பயம் உங்கள் எல்லாருக்கும் கூடியிருக்கும். பத்துப் பேரின் சம்பளம் உன் கையெழுத்தில் இருக்கும்போது வாய் திறப்பது லேசில்லை. ஆனாலும் உன் ஒப்பந்தம் எழுதும்போதே கேள்: பிழைத்தால் ஒரு வேலையை இடையில் நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா, நிபந்தனையை மாற்ற யாரிடம் கேட்க வேண்டும், எதற்கும் ஒதுக்காத ஒரு சிறு தொகை கையில் வைக்கலாமா. கையெழுத்துக்கு முன் கேட்டால் ஒரு மின்னஞ்சலோடு முடியும். பிறகு கேட்டால் அது குற்ற ஒப்புதல் மாதிரி ஆகிவிடும்.

இன்னுமொன்று. இந்தத் திட்டங்களின் தாள்களில் முரண்பாடு எப்போதும் ஊருக்கும் ஊருக்கும் இடையில்தான் இருக்கும். தமிழரும் முஸ்லிமும் சண்டை, இருவரையும் ஒரு வட்டத்தில் உட்கார வை, பந்து எறிந்து பேர் சொல்ல வை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக எங்கள் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பர் முதல் வீதியில் உட்கார்ந்தார்களே, அதை எந்த வட்டத்தில் உட்கார வைத்துத் தீர்ப்பது? காணி யாருக்கு என்று முடிவெடுப்பது அரசாங்கம். அங்கே திட்டத்தின் கை எட்டாது, எட்டும் என்று நடிக்கவும் கூடாது. ஊரில் அந்தக் கேள்வி வரும்போது, இது எங்கள் திட்டத்தில் இல்லை என்று பேச்சை மாற்றாமல் கேட்டுக் குறித்து மேலே அனுப்பு. நான் பேச்சை மாற்றினேன். இரண்டு தரம்.

பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்று சொல்லாத மேடை எங்கள் மாவட்டத்தில் இல்லை. நானும் நூறு தரம் சொல்லியிருப்பேன். சொல்லும்போது ஒன்று உறுத்தும்: நான் படிப்பித்த பாடசாலைகளில் ஒரு முஸ்லிம் பிள்ளையும் இருந்ததில்லை. தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை என்று ஐந்து வயதில் பிரித்துவிட்டு, முப்பது வயதில் ஹோட்டலில் வைத்துச் செயலமர்வு நடத்துகிறோம். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, முஸ்லிம் கடையில் வாங்காதே என்று வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருந்தீர்கள். பேர் சொல்லவில்லை. சொந்தக்காரர்களும் இருந்தீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் கணக்குப் படிப்பித்தேன், வேறொன்றும் படிப்பிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மகள், உனக்கு என்று சிலது. ஊருக்குப் போகும்போது வாகனத்தைச் சந்தியில் விட்டுவிட்டு நட. பட்டியலை முடிவெடுக்க முன் இரண்டு ஊரிலும் ஒட்டு, முடிவெடுத்த பிறகு ஒட்டாதே. ஒபிஸ் யாருடைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறது, சாப்பாடு யாரிடம் எடுக்கிறீர்கள், சாரதி எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதிப் பார். ஊர்ச் சனம் அதைத்தான் முதலில் எண்ணும். நோக்கம், இலக்கு எல்லாம் அவர்களுக்குப் பிறகு. கள உத்தியோகத்தர் கூப்பிட்டால் அன்றைக்கே போ. அறிக்கை பிந்தட்டும்.

போன வருடம் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். ஒரு சிறு நகரத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். கதிரை எடுத்துப் போட்டார், பக்கத்துக் கடையில் தேத்தண்ணி எடுப்பித்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "சேர், அத விடுங்க. தேத்தண்ணி ஆறுது" என்றார். குடித்தேன். போனில் கண்ணாடி உடைந்திருந்தது, மாற்றித் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். இதை எழுதப்போகிறேன் என்று நேற்று அவருக்குச் சொன்னேன். பேர் போடாம எழுதுங்க என்றார்.

மகள், சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வா. அந்த மூன்று வருடத்துக் கொப்பிகள் மூன்று இருக்கின்றன, அறிக்கையில் எழுதாததெல்லாம் அதில் இருக்கிறது. கொண்டுபோய் வாசி. வரும்போது உன் திட்டத்தின் பட்ஜெட் தாளைக் கொண்டு வா. நோக்கங்கள் எழுதிய தாள் வேண்டாம்.